உடற்பருமனும் மகப்பேறும்

நம் நாட்டில் தாய் சேய் நலப் பணி தொடங்கிய காலந்தொட்டு, கர்ப்பிணியை எடை போடும் தராசு பெரும்பாலும் ஒரே கேள்விக்கு விடை தேடி வந்துள்ளது: "இப்பெண்ணுக்குப் போதிய எடை உண்டா?" மெலிந்த தாய், இரத்தம் குன்றிய தாய், எடை குறைந்து பிறக்கும் குழந்தை ஆகியவையே நம் கவலையாக இருந்தன. அக்கவலை இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆயினும் அதே தராசு இப்போது மற்றொரு கேள்வியையும் எழுப்புகிறது: "இவளுக்கு எடை மிகுந்திருக்கிறதா? மிகுந்திருந்தால் அதனால் தாய்க்கும் சேய்க்கும் விளையக்கூடியது யாது?" களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் இக்கேள்வியை அறிந்து, அதற்குரிய விடையைத் தக்க நேரத்தில் தக்க முறையில் எடுத்துரைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019 முதல் 2021 வரை நடைபெற்றது. அதன்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 24.0 சதவிகிதத்தினர் மிகை எடையோ பருமனோ உடையவர்கள். கேரளத்தில் இது 38.1 சதவிகிதம்; தமிழ்நாட்டில் 40.4 சதவிகிதம். இதற்கு முந்திய, 2015-16-ஆம் ஆண்டு ஆய்வில் கேரளத்தின் அளவு 32.4 ஆகவும் தமிழ்நாட்டின் அளவு 30.9 ஆகவும் இருந்தன. எனவே பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லையோரத் தமிழ்ப் பெண்கள் எல்லைக்கு எப்பக்கம் பிறந்திருப்பினும், எப்பக்கம் வாழ்க்கைப்பட்டிருப்பினும், ஏறத்தாழ ஐவரில் இருவர் எடை மிகுந்த ஒரு சமுதாயத்திலேயே வாழ்கின்றனர். அதே கேரளத்தில் பத்தில் ஒரு பெண் எடை குறைந்தவளாக இருப்பதையும் அந்த ஆய்வு கூறுகிறது.

இவ்விரு நிலைகளும் அருகருகே நிற்பதை எல்லைப்புற ஊழியர் நன்கு அறிவர். பாலக்காட்டு மாவட்டத்தின் அட்டப்பாடியில் இருளர், முதுகர், குறும்பர் ஆகிய பழங்குடி மக்களின் கைக்குழந்தைகள் பலர் 2013-ஆம் ஆண்டில் இறந்தமையும், தாய்மாரின் ஊட்டக் குறைவு அதற்கு ஒரு முக்கிய காரணமாகக் காட்டப்பட்டமையும் நாடெங்கும் பேசப்பட்டன. ஆனால் அம்மலையிலிருந்து இறங்கிக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துச் சமவெளிக்கு வரும் ஊழியர், அல்லது மூணாறு, தேவிகுளம், வண்டிப்பெரியாறு ஆகிய தோட்டப் பகுதிகளின் கடைவீதிகளில் பணிபுரியும் ஊழியர், வேறொரு காட்சியையும் காணக்கூடும். ஆகவே எடை அட்டையை இரு முனைகளிலும் படிக்கக் கற்பது இன்றியமையாதது.

பருமனை அளப்பது எவ்வாறு?

"பூசினாற்போல உடம்பு", "நல்ல சதைப்பிடிப்பு" என்று வீட்டார் புகழ்ந்துரைப்பதை அளவாகக் கொள்ள இயலாது. கண்ணால் பார்த்து மதிப்பிடுவதும் போதாது. உடல் எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறை எண் எனப்படும். 150 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 1.5-ஐ 1.5-ஆல் பெருக்க 2.25 ஆகும். அவள் எடை 60 கிலோவாயின், 60-ஐ 2.25-ஆல் வகுக்க உடல் நிறை எண் 26.7 எனக் கிடைக்கும்.

உலக வழக்கில் 18.5-க்குக் கீழ் எடை குறைவு. 25-க்கு மேல் மிகை எடை. 30-க்கு மேல் பருமன். ஆனால் ஆசிய மக்களுக்கு 23 முதலே எச்சரிக்கை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004-ஆம் ஆண்டில் கருத்துரைத்தது. இந்திய மருத்துவ வல்லுநர்கள் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒருமித்த கருத்தின்படி, 23 முதல் 24.9 வரை மிகை எடை. 25-ம் அதற்கு மேலும் பருமன். மேற்கூறிய 150 செ.மீ. பெண்ணுக்கு இவ்வெல்லைகளைக் கிலோவில் சொன்னால் நினைவில் நிற்கும்: 42 கிலோவுக்குக் கீழ் குறைவு, 52 கிலோவில் எச்சரிக்கை, 56 கிலோவுக்கு மேல் பருமன். கர்ப்பம் இல்லாத காலத்தில் இடுப்புச் சுற்றளவும் பயன்படும். பெண்களுக்கு அது 80 செ.மீ.-ஐத் தாண்டலாகாது.

நமக்கு ஏன் இவ்வளவு தாழ்ந்த எல்லை? வெளித்தோற்றத்தில் மெலிந்திருப்பினும் இந்தியருடைய உடலில், குறிப்பாக வயிற்றுப் பகுதியில், கொழுப்பு மிகுதியாகத் தங்குகிறது. புனே நகரத்து மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அவருடைய குழுவினரும் 1990-களில் அம்மாவட்டத்துக் கிராமத் தாய்மாரையும் குழந்தைகளையும் ஆராய்ந்தனர். அக்குழந்தைகளின் சராசரிப் பிறப்பெடை ஏறத்தாழ 2.7 கிலோ, இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் நகரக் குழந்தைகளின் எடையோ 3.5 கிலோ. இந்தியக் குழந்தையின் தசையும் உள்ளுறுப்புகளும் வெகுவாகச் சிறுத்திருந்தன. தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்தும் கொழுப்பு மிகுந்தும் பிறக்கும் இக்குழந்தை பின்னாளில் தாயாகும்போது, சிறிதளவு எடை கூடினாலும் அவள் உடல் தடுமாறுகிறது.

கருத்தரிக்கும் ஆற்றல்

கொழுப்புத் திசு உணவைச் சேமித்து வைக்கும் கிடங்கு மட்டுமே என்று முன்னாளில் கருதினர். அது பல்வேறு ஹார்மோன்களை உண்டாக்கவும் மாற்றவும் வல்ல ஓர் உறுப்பு என்பது இப்போது தெளிவாகியுள்ளது. உடலில் கொழுப்பு மிகும்போது இன்சுலின் தன் வேலையைச் செவ்வனே செய்ய இயலாமற் போகிறது. அதை ஈடுசெய்யக் கணையம் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. இவ்வாறு மிகுந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்மை ஹார்மோனை அதிகப்படுத்துகிறது. கல்லீரலில் அந்த ஹார்மோனைக் கட்டிவைக்கும் புரதம் உண்டாவதையும் குறைக்கிறது. இதன் விளைவாக மாதந்தோறும் ஒரு கருமுட்டை முதிர்ந்து வெளிவரும் ஒழுங்கு குலைகிறது. முட்டைகள் அரைகுறையாக வளர்ந்து சினைப்பையிலேயே தங்கிவிடுகின்றன.

மக்கள் "நீர்க்கட்டி" என்று வழங்கும் கோளாறு இதுவே. 1935-ஆம் ஆண்டில் சிக்காகோ நகர மருத்துவர்களான ஸ்டைன், லெவந்தால் என்போர் ஏழு பெண்களின் நிலையை விவரித்து இதனை முதன்முதலாக ஒரு நோயாக வகுத்துரைத்தனர். கட்டி என்னும் பெயரால் பெண்கள் அஞ்சுவதுண்டு. உண்மையில் இவை முதிராத முட்டைப் பைகளேயன்றிக் கழலைகள் அல்ல. மெலிந்த பெண்களுக்கும் இக்கோளாறு வரக்கூடும். எனினும் பருமன் அதனை மிகுவிக்கும். மாதவிடாய் நாள் தள்ளிப்போதல், முகத்தில் முடி வளர்தல், கருத்தரிக்கத் தாமதமாதல் ஆகியவை அதன் அறிகுறிகள். இத்தகைய பெண் தன் எடையில் 5 முதல் 10 சதவிகிதம் குறைத்தாலே பலருக்கு முட்டை வெளிப்பாடு மீண்டும் ஒழுங்குபடுகிறது. 70 கிலோ எடையுள்ளவளுக்கு இது மூன்றரை முதல் ஏழு கிலோ ஆகும். விலையுயர்ந்த சிகிச்சைக்குக் கடன் வாங்கு முன்னர் இவ்வழியை ஒரு குடும்பம் அறிந்திருத்தல் நலம். குழந்தைப் பேறு தாமதமானால் கணவனையும் சோதிக்க வேண்டும் என்பதையும் ஊழியர் தயங்காது சொல்ல வேண்டும்.

முட்டை வெளிவராத மாதங்கள் நீளும்போது கருப்பையின் உள்படலம் தடையின்றித் தடிக்கிறது. பின்னாளில் அதில் புற்று தோன்றும் வாய்ப்புப் பருமன் உடைய பெண்களுக்கு மிகுதி. ஆகையால் மாதவிடாய் நின்ற பிறகு சிறிதளவு இரத்தம் பட்டாலும் மருத்துவரிடம் செல்லுமாறு அறிவுறுத்துக.

கர்ப்ப கால நீரிழிவு

கரு வளர வளர, நஞ்சுக்கொடியில் உண்டாகும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலின் வேலை செய்வதைத் தளர்த்துகின்றன. குழந்தைக்குச் சர்க்கரை தட்டின்றிக் கிடைப்பதற்கு இயற்கை செய்த ஏற்பாடு இது. ஏற்கெனவே பருமனால் இன்சுலின் தளர்ந்துள்ள பெண்ணுக்கு இது இரட்டைச் சுமையாகிறது. கணையம் ஈடுகொடுக்க இயலாதபோது இரத்தத்தில் சர்க்கரை உயர்கிறது.

தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குச் செல்லும். தாயின் இன்சுலினோ கடக்காது. எனவே குழந்தையின் கணையமே மிகுதியாக இன்சுலினைச் சுரக்கிறது. அதனால் குழந்தை கொழுப்புச் சேர்ந்து பெருத்துவிடுகிறது. டென்மார்க் நாட்டு மருத்துவர் பெடர்சன் 1950-களில் அளித்த இவ்விளக்கம் இன்றும் நிலைத்துள்ளது. பிறந்தவுடன் தாயின் சர்க்கரை நின்றுபோகிறது. குழந்தையின் இன்சுலின் உடனே குறைவதில்லை. ஆதலால் பிறந்த சில மணி நேரத்தில் அதன் சர்க்கரை அபாயமாக வீழக்கூடும். "கொழுகொழு என்று பிறந்திருக்கிறது" என்று மகிழும் வீட்டாருக்கு, அக்குழந்தைக்கு உடனே தாய்ப்பால் கொடுப்பது எத்துணை அவசியம் என்பதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

இந்நோயைக் கண்டறிவதில் தமிழ்நாட்டுக்குச் சிறப்பிடம் உண்டு. சென்னை மருத்துவர் வி. சேஷையா தலைமையில் 2005 முதல் 2007 வரை நடைபெற்ற ஆய்வில், நகரத்துக் கர்ப்பிணிகளில் 17.8 சதவிகிதத்தினருக்கும், சிறு நகரங்களில் 13.8 சதவிகிதத்தினருக்கும், கிராமங்களில் 9.9 சதவிகிதத்தினருக்கும் கர்ப்ப கால நீரிழிவு காணப்பட்டது. கிராமத்திலும் ஏறத்தாழப் பத்தில் ஒருத்தி என்பது கருதத்தக்கது. மத்திய அரசின் வழிகாட்டுதலும் அக்குழுவினர் எளிமைப்படுத்திய சோதனை முறையையே தழுவியுள்ளது. 75 கிராம் குளுக்கோஸை ஏறத்தாழ 300 மில்லிலிட்டர் நீரில் கரைத்து, ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் பார்க்க வேண்டும். 140 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருப்பின் நோய் உண்டு எனக் கொள்ளப்படும். வெறும் வயிற்றோடு வர வேண்டிய கட்டாயம் இதில் இல்லை. தொலைவிலுள்ள எஸ்டேட் லயத்திலிருந்தோ ஊரிலிருந்தோ பேருந்தில் வரும் பெண்ணுக்கு இது பெரிய வசதியாகும். குடித்த அரை மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மறுநாள் மீண்டும் செய்ய வேண்டும்.

முதல் பதிவின்போதே ஒரு சோதனையும், 24 முதல் 28 வாரத்துக்குள் மற்றொரு சோதனையும் வேண்டும். முதலாவது சரியாக இருந்தது என்று இரண்டாவதை விட்டுவிடுதல் கூடாது. நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் பின் மாதங்களிலேயே மிகுதியாகின்றன என்பதை நினைவிற் கொள்க. நோய் காணப்பட்டாலும் பீதி வேண்டுவதில்லை. இரண்டு வாரம் உணவு ஒழுங்கும் நடைப்பயிற்சியும் மேற்கொண்ட பின், உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரை 120-க்குக் கீழ் இருந்தால் அதையே தொடரலாம்; இல்லையேல் மருத்துவர் மருந்து தருவார்.

இரத்த அழுத்தமும் பிரசவமும்

கர்ப்பத்தின் இருபதாம் வாரத்துக்குப் பின் இரத்த அழுத்தம் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் உயர்ந்து, சிறுநீரில் புரதம் செல்லுதல் போன்ற குறிகள் சேருமாயின், அது வலிப்புக்கு முன்னறிவிப்பான நிலையாகும். கர்ப்பத்துக்கு முன் உள்ள உடல் நிறை எண் ஒவ்வொரு 5 முதல் 7 வரை உயர்வதற்கும் இந்நிலையின் அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகிறது எனப் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியவர்கள் கண்டுள்ளனர். தீராத தலைவலி, பார்வை மங்கல், மேல் வயிற்று வலி, முகத்தில் திடீர் வீக்கம் ஆகியவற்றில் எது தோன்றினும் அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். மறுநாள் பேருந்துக்குக் காத்திருத்தல் ஆகாது. பருத்த கையில் சிறிய பட்டையைக் கட்டி அழுத்தம் பார்த்தால் உள்ளதைவிட மிகுதியாகக் காட்டும். எனவே ஒவ்வொரு துணை மையத்திலும் அகலமான பட்டை ஒன்று இருப்பது நல்லது.

பிரசவ நேரத்திலும் பருமன் தன் பங்கைக் கேட்கிறது. கருச்சிதைவு, குழந்தையின் முதுகுத்தண்டு சரிவர மூடாத குறை, பெருத்த குழந்தையின் தோள் சிக்குதல், பிரசவத்துக்குப் பின் மிகு இரத்தப்போக்கு, காலில் இரத்தம் உறைதல் ஆகியவை எடை மிகுந்த தாய்க்கு அதிகம் நேரிடுகின்றன. அறுவை செய்து குழந்தையை எடுக்க வேண்டிய நிலையும் மிகுகிறது. மயக்க மருந்து கொடுப்பதும் கடினமாகிறது. தையல் ஆறுவதற்கும் நாளாகிறது. ஐந்தாம் சுற்று ஆய்வின்படி கேரளத்தில் 38.9 சதவிகிதப் பிரசவங்களும் தமிழ்நாட்டில் 44.9 சதவிகிதப் பிரசவங்களும் அறுவை மூலம் நிகழ்ந்தன. இவை யாவும் பருமனால் விளைந்தன என்று கூறுதல் தவறாகும். எனினும் பருமன் அறுவையின் தேவையையும் அதன் இடரையும் ஒருங்கே உயர்த்துகிறது.

கேரளத்தின் மகப்பேறு மருத்துவர் சங்கங்களின் கூட்டமைப்பு, மாநிலத்தில் நிகழும் தாய் இறப்புகளைப் பெயர் வெளியிடாமல் ஆராயும் முறையை 2004-ஆம் ஆண்டில் தொடங்கியது. இரத்தப்போக்கும் இரத்த அழுத்தமும் முன்னிற்கும் காரணங்கள் என்பதை அவ்வாராய்ச்சி காட்டியது. 2018-20 காலக் கணக்குப்படி இந்தியாவில் ஒரு லட்சம் உயிருள்ள பிரசவங்களுக்குத் தாய் இறப்பு 97, தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. இவ்வளவு அரும்பாடுபட்டுக் குறைத்த எண்ணைப் பருமனும் அதன் துணை நோய்களும் மீண்டும் உயர்த்திவிடாமற் காப்பது நம் கடன்.

"இரண்டு உயிருக்குச் சாப்பிடு"

வாயும் வயிறுமாக இருப்பவளை "இரண்டு உயிருக்குச் சாப்பிடு" என்று மூத்தோர் வற்புறுத்துவது அன்பின் வழக்கு. உணவு அரிதாயிருந்த காலத்தில் அவ்வறிவுரை பல உயிர்களைக் காத்திருக்கும். மெலிந்த தாய்க்கு அது இன்றும் ஏற்றதே. ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வகுத்துள்ளபடி, கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு வேண்டிய கூடுதல் ஆற்றல் 350 கலோரி மட்டுமே. ஏறத்தாழ இரண்டு இட்லி, ஒரு தம்ளர் பால், ஒரு சிறு கைப்பிடி வேர்க்கடலை ஆகியவற்றில் அது அடங்கிவிடும்.

தேயிலை பறிப்பதும் நடவு நடுவதும் நாள் முழுதும் உடலை வருத்தும் வேலைகள். அவ்வேலை செய்தவளுக்குத் தட்டு நிறையச் சோறு தேவைப்பட்டது. அவளுடைய மகள் கடையிலோ அலுவலகத்திலோ அமர்ந்து பணிபுரிகிறாள். பாலக்காட்டு வயல்களிலும் அறுவடை இயந்திரங்கள் வந்துவிட்டன. வேலை மாறியும் தட்டு மாறவில்லை. இரண்டு கரண்டிச் சர்க்கரை இட்ட தேநீரை ஐந்து முறை அருந்துபவள், சர்க்கரையினால் மட்டும் ஏறத்தாழ 200 கலோரியைப் பெறுகிறாள். கேரள அரசு 2016-ஆம் ஆண்டில் பர்கர், பீட்சா போன்ற பண்டங்களுக்கு 14.5 சதவிகித வரி விதித்தது. 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபோது அது மறைந்தது. எல்லைப்புற வீடுகளில் கவனிக்க வேண்டியவை அப்பண்டங்களைவிட, அளவு மிஞ்சிய சோறு, பரோட்டா, பொரித்த கடி, இனித்த தேநீர் ஆகியவையே.

அரிசியை மட்டும் நம்பிய உணவின் குறையை நம் அண்டை மலையிலேயே ஆராய்ந்துள்ளனர். 1918-ஆம் ஆண்டில் ராபர்ட் மக்காரிசன் குன்னூரில் தொடங்கிய ஆய்வுக்கூடம், நாட்டின் பல பகுதி உணவுகளை எலிகளுக்கு ஊட்டி ஒப்பிட்டது. பால், முழுத் தானியம், காய்கறி அடங்கிய உணவு உண்டவை செழித்தன. தீட்டிய அரிசியை முதன்மையாக உண்டவை நலிந்தன. அவ்வாய்வுக்கூடமே 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்துள்ளது. சோற்றைக் குறைத்து அவ்விடத்தில் பயறு, கீரை, முட்டை அல்லது மீன், மோர் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். அட்டப்பாடி மக்களின் பழைய உணவான கேழ்வரகும் சாமையும் தினையும் இரு சாராருக்கும் நலம் தருவன.

பருமன் உடையவள் நன்கு ஊட்டம் பெற்றவள் என்று எண்ணிவிடலாகாது. கேரளப் பெண்களில் 36.3 சதவிகிதத்தினர் இரத்தச்சோகை உடையவர்கள். மிகைக் கொழுப்பினால் உடலில் உண்டாகும் ஒருவகை அழற்சி, குடல் இரும்புச்சத்தை உறிஞ்சுவதையும் தடுக்கிறது. எனவே இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரைகள் எடை மிகுந்தவளுக்கும் கட்டாயம் வேண்டும்.

எவ்வளவு எடை கூடலாம்?

அமெரிக்க மருத்துவக் கழகம் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவுகள் பல நாடுகளில் எடுத்தாளப்படுகின்றன. அவற்றின்படி, கர்ப்பத்துக்கு முன் உடல் நிறை எண் 18.5-க்குக் கீழ் இருந்தவள் 12.5 முதல் 18 கிலோ வரையும், 25-க்குக் கீழ் இயல்பாக இருந்தவள் 11.5 முதல் 16 கிலோ வரையும், 25 முதல் 30 வரை இருந்தவள் 7 முதல் 11.5 கிலோ வரையும், 30-க்கு மேல் இருந்தவள் 5 முதல் 9 கிலோ வரையும் கூடலாம். உறுதியான எல்லையை மருத்துவரே கூற வேண்டும். பருமன் மிகுந்தவளும் சிறிது எடை கூட வேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும். கர்ப்ப காலத்தில் பட்டினி கிடந்து இளைக்க முயல்வது குழந்தைக்குத் தீங்கு. அண்மைக் காலத்தில் பரவிவரும் எடை குறைக்கும் ஊசி மருந்துகளும் கர்ப்பிணிக்கு உகந்தவையல்ல. கருத்தரிக்க விரும்புபவள் மருத்துவரைக் கேட்டு முன்னதாகவே அவற்றை நிறுத்த வேண்டும். தடையேதும் இல்லையென மருத்துவர் கூறினால், வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் நடப்பது எல்லோருக்கும் ஏற்றது.

ஆகவே எடையைக் குறைப்பதற்குரிய காலம் கர்ப்பத்துக்கு முந்தியது. அல்லது இரு பிரசவங்களுக்கு இடைப்பட்டது. இக்கட்டுரையில் நினைவிற் கொள்ள வேண்டிய முதன்மையான செய்தி இதுவே. கர்ப்பிணி மூன்றாம் மாதத்தில் பதிவுக்கு வரும்போது எடையைக் குறைக்கும் வாய்ப்புக் கடந்துவிடுகிறது. அபாயத்தைக் கண்காணிக்கும் வாய்ப்பே எஞ்சுகிறது.

இடைப்பட்ட காலத்தில் தாய்வீட்டுப் பராமரிப்பு கவனத்துக்குரியது. பிரசவ லேகியமும் நெய்யும், மாதக்கணக்கான படுக்கையும் மெலிந்தவளைத் தேற்றின. எடை மிகுந்தவளோ கூடிய எடையை இழக்காமலேயே அடுத்த கர்ப்பத்துக்குள் நுழைகிறாள். இவ்வாறு ஒவ்வொரு பிரசவமும் சில கிலோக்களை விட்டுச் செல்கிறது. வழக்கத்தைப் பழித்தல் வேண்டா. ஓய்வும் உறவினர் உதவியும் தாய்க்கு நல்லவையே. நெய்யையும் சர்க்கரையையும் குறைத்து, சில நாளில் எழுந்து நடமாடச் செய்தால் போதும். தாய்ப்பால் ஊட்டுவது தாயின் சேமித்த கொழுப்பையும் செலவழிக்கும். பருமன் உடையவளுக்குப் பால் ஊறச் சற்றுத் தாமதமாகலாம். முதல் நாட்களில் புட்டிப்பாலுக்குத் தாவாமல் அவளுக்கு ஊக்கம் தர வேண்டும். கர்ப்ப கால நீரிழிவு இருந்தவளுக்கு ஆறாம் வாரத்தில் மீண்டும் சர்க்கரைச் சோதனை செய்ய வேண்டும். பிற்காலத்தில் நிலையான நீரிழிவு வரும் வாய்ப்பு அவளுக்குப் பன்மடங்கு உண்டு.

ஆசிரியரின் பங்கு

கர்ப்பத்துக்கு வெகு முன்னதாகப் பெண்ணைச் சந்திப்பவர் ஆசிரியரே. பூப்பெய்திய பின் சிறுமியர் விளையாட்டுத் திடலை விட்டு ஒதுங்குவதும், விளையாட்டு வகுப்பைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வதும் பல பள்ளிகளில் காணப்படும் குறைகள். அவ்வகுப்பு பெண்களின் மகப்பேற்று நலத்துக்கான முதலீடு என்று கருதத்தக்கது. பூப்பெய்திய முதல் ஓராண்டில் மாதவிடாய் ஒழுங்கற்றிருப்பது இயல்பு. அதன் பின்னரும் 90 நாளுக்கு மேல் இடைவெளி விட்டாலோ, 15 வயதாகியும் பூப்பெய்தாவிட்டாலோ, பெற்றோரிடம் பக்குவமாகக் கூறி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

பருத்த மாணவிக்கு வகுப்பில் பட்டப்பெயர் சூட்டுவதை ஆசிரியர் பொறுத்தலாகாது. நாணம் ஒருவரையும் இளைக்கச் செய்ததில்லை; ஒளிந்து உண்ணவும், மருத்துவமனைக்குப் போக அஞ்சவும் அது செய்யும். களப்பணியாளருக்கும் இது பொருந்தும். பலர் நிற்கும் இடத்தில் எடையை உரக்கக் கூறுதல் கூடாது. அடுத்த மாதம் அப்பெண் வாராமற் போனால், அவளுடைய இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்ப்பவர் யார்?

எல்லை கடக்கும் அட்டை

சித்தூர்ப் பக்கத்துப் பெண் பொள்ளாச்சியில் வாழ்க்கைப்பட்டிருக்கலாம். வண்டிப்பெரியாற்றுப் பெண்ணின் தாய்வீடு கம்பத்தில் இருக்கலாம். வளைகாப்பு முடிந்து அவள் வாளையாற்றையோ குமுளியையோ போடிமெட்டையோ கடந்து தாய்வீடு செல்லும்போது, அவளைப் பற்றிய விவரங்களும் உடன் செல்ல வேண்டும். ஒரு பக்கத்தில் மலையாளத்திலும் மறுபக்கத்தில் தமிழிலும் எழுதப்படும் குறிப்புகள் படிக்கப்படாமற் போகக்கூடும். எண்கள் இரு மொழியினருக்கும் பொது. ஆதலால் தாய் சேய் பாதுகாப்பு அட்டையின் முதற்பக்கத்தில் ஐந்து எண்களைத் தெளிவாக எழுதுக: உயரம், பன்னிரண்டு வாரத்துக்குள் எடுத்த முதல் எடை, உடல் நிறை எண், கடைசியாகப் பார்த்த இரத்த அழுத்தம், இரு சர்க்கரைச் சோதனைகளின் முடிவுகள். மாதந்தோறும் 9-ஆம் தேதி நடைபெறும் பிரதமரின் பாதுகாப்பான தாய்மை முகாமுக்கு, எடை மிகுந்த கர்ப்பிணியை ஒரு முறையேனும் அழைத்துச் சென்று மருத்துவரைப் பார்க்கச் செய்க.

தராசு பழையதே, அதனைப் படிக்கும் முறை விரிய வேண்டும். மெலிந்தவளைத் தேற்றவும், பருத்தவளைப் பழிக்காது காக்கவும், திருமணத்துக்கு முன்னரே சிறுமியரை நல்வழிப்படுத்தவும் வல்ல ஊழியரும் ஆசிரியரும் எல்லைப்புற ஊர்கள் தோறும் உளராயின், அடுத்த தலைமுறைத் தாய்மார் நலமுடன் பிள்ளை பெற்று நலமுடன் வீடு திரும்புவர்.